பைபாஸ் ஓரத்துல வீடு இருக்கவங்களுக்கு: லேசான தடுப்பு வெச்சு வண்டி சத்தத்த குறைக்கிறது எப்படி

சென்னை பைபாஸ் பெருங்களத்தூர்ல ஆரம்பிச்சு புழல் வரைக்கும் 32 கிலோமீட்டர். அந்த ரோட்ட ஒட்டி எத்தன தெரு, எத்தன அபார்ட்மெண்ட், எத்தன ஸ்கூல் இருக்குன்னு ஒரு தடவ சர்வீஸ் ரோட்டுலயே மெதுவா போய் பாத்தீங்கன்னா தெரியும். எங்க வீடு மதுரவாயல் பக்கம், முதல் வரிசை. பகல்ல எல்லாரும் வேலைக்கு போயிடுறதால பெருசா தெரியாது, ராத்திரி பதினோரு மணிக்கு மேல தான் கன்டெய்னர் லாரி, டிரெய்லர், ஆம்னி பஸ்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும், அம்மா ஊர்ல இருந்து எங்க கூட வந்து தங்க ஆரம்பிச்சப்புறம் தான் அவங்க விடிய விடிய முழிச்சுட்டு படுத்திருக்காங்கன்னு எனக்கு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் தான் இத பத்தி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். கடைசில தெருவுல பதினோரு வீடு சேந்து ஒரு தடுப்பு போட்டோம். அதுக்கு முன்னாடி நாங்க செலவு பண்ண காசு நெறைய வீணாச்சு, உங்களுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னு தான் இவ்வளவு விளக்கமா எழுதுறேன்.

வீணான கதைய மொதல்ல சொல்லிடுறேன். காம்பவுண்ட் ஓரமா வரிசையா நெட்டிலிங்க மரம் வெச்சோம். பச்சை நெட்டு வாங்கி ரெண்டு ஆள் உயரத்துக்கு கட்டினோம். ரெண்டுமே சத்தத்துக்கு ஒண்ணுமே பண்ணாது. மரம் சத்தத்த தடுக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது முழு பொய்யும் இல்ல, ஆனா கண்ணுக்கு அந்தப் பக்கமே தெரியாத அளவுக்கு அடர்த்தியா அறுபது மீட்டர் அகலத்துக்கு காடு மாதிரி இருந்தா தான் ஒரு பத்து டெசிபெல் (சத்தத்த அளக்குற அலகு) குறையும், முப்பது மீட்டர்னா அஞ்சு. ஒரு வரிசை மரத்துக்கு அளக்குற அளவுக்கு எதுவும் கிடையாது. மரம் வைங்க, நிழலுக்கும் தூசிக்கும் நல்லது தான், சத்தத்துக்குன்னு நம்பி வைக்காதீங்க. நெட்டு வழியா காத்து போகுதுல்ல, அப்ப சத்தமும் போகும், அவ்வளவு தான் விஷயம்.

அப்புறம் ஒரு மேஸ்திரி வந்து ஒம்போது இன்ச் செங்கல் சுவர் பன்னெண்டு அடிக்கு ஏத்தினா தான் சத்தம் நிக்கும்னு சொன்னாரு. அந்த எஸ்டிமேட்ட பாத்துட்டு பாதி பேரு கழண்டுக்கிட்டாங்க. இங்க தான் நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம் இருக்கு: வெளியில நிக்கிற தடுப்புக்கு அவ்வளவு எடை தேவையே இல்ல.

ஏன்னு சொல்றேன். ரோட்டு சத்தம் உங்க ஜன்னலுக்கு வர்றதுக்கு மூணு வழி இருக்கு. தடுப்ப ஊடுருவி வரும், தடுப்புக்கு மேல வளைஞ்சு வரும், ஓரத்துல சுத்தியோ இடுக்கு வழியாவோ வரும். மேல வளைஞ்சு வர்றத நீங்க முழுசா நிறுத்தவே முடியாது, எவ்வளவு நல்லா கட்டினாலும் நடைமுறைல அஞ்சுல இருந்து பத்து டெசிபெல் குறையும், ரொம்ப உயரமா ரொம்ப நீளமா கட்டினா பதினஞ்சு. அப்படி இருக்கும்போது ஊடுருவி வர்ற சத்தத்த நாப்பது டெசிபெல் தடுக்குற சுவர் கட்டி என்ன பிரயோஜனம், மேல தான் வந்துடுதே. எவ்வளவு குறையணும்னு நினைக்கிறீங்களோ அத விட பத்து டெசிபெல் கூடுதலா அந்த ஷீட்டு தடுத்தா போதும், அதுக்கு மேல வெக்கிற எடை எல்லாம் காசு தான் போகும். பத்து குறைக்கணும்னா இருபது தடுக்குற பொருள் போதும். ஒரு சதுர மீட்டருக்கு இருபது கிலோ இருக்கிற எந்த கெட்டியான பலகையும் அத தாராளமா செய்யும், பத்து கிலோ இருந்தாலே பல எடத்துல சமாளிக்கலாம். ஒம்போது இன்ச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு நானூறு கிலோவ தாண்டும். அப்ப மிச்சம் ஆகுற காச உயரத்துலயும் நீளத்துலயும் இடுக்கு அடைக்கிறதுலயும் போடணும். இந்த ஒரு கணக்கு புரிஞ்சா மத்தது எல்லாம் தானா வந்துடும்.

வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அளந்துக்கோங்க. சத்தம் அளக்குற ஆப் எதயாவது ஒண்ண போட்டுக்கோங்க, ஃபோன் மைக் கச்சிதமா காட்டாது தான், ஆனா அதே ஃபோன், அதே எடம், அதே நேரம்னு முன்னாடியும் பின்னாடியும் எடுத்தா வித்தியாசம் ஓரளவு சரியா கிடைக்கும். பளிச்சுன்னு ஒரு நம்பர பாத்து எழுதாதீங்க, பதினஞ்சு நிமிஷ சராசரி எடுங்க. ராத்திரி பதினொண்ணுல ஒரு தடவ, விடியக்காலைல அஞ்சு மணிக்கு ஒரு தடவ, கீழ ஒண்ணு மாடியில ஒண்ணு. மழை பெய்யும்போது எடுக்காதீங்க, ஈர ரோட்டுல டயர் சத்தமே வேற மாதிரி இருக்கும். நம்ம நாட்டுல 2000 ல வந்த ஒலி மாசு விதிகள்ல குடியிருப்பு பகுதிக்கு காலைல ஆறுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் 55 டெசிபெல், ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் 45 ன்னு வரம்பு வெச்சிருக்காங்க. ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்ட சுத்தி நூறு மீட்டர அமைதி மண்டலம்னு அரசாங்கம் அறிவிச்சிருந்தா அங்க 50, 40. உங்க அளவு இதுக்கு எவ்வளவு மேல இருக்குன்னு ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க, பின்னாடி அதிகாரிங்க கிட்ட போகும்போது உதவும்.

டெசிபெல் கணக்கு கொஞ்சம் பழகிக்கணும். மூணு குறைஞ்சா கவனிச்சு கேட்டா தான் தெரியும், அஞ்சு குறைஞ்சா எல்லாருக்கும் தெரியும், பத்து குறைஞ்சா சத்தம் பாதியான மாதிரி காதுக்கு இருக்கும். ரோட்டுல ஓடுற வண்டி பாதியா குறைஞ்சா கூட மூணு தான் குறையும், அதனால தான் ட்ராஃபிக் கம்மியான ஞாயித்துக்கிழமை கூட நமக்கு நிம்மதியா இல்ல. ஒரு தடுப்பு ஏழெட்டு டெசிபெல் குறைச்சா அது சாதாரண விஷயம் இல்லன்னு புரிஞ்சுக்கோங்க, அமைதியா ஆயிடும்னு யாராவது வந்து சொன்னா நம்பாதீங்க.

அடுத்து உயரம். இதுக்கு இஞ்சினியர் வர்றதுக்கு முன்னாடி நீங்களே ஒரு சோதனை பண்ணலாம், ஒரு நீளமான மூங்கில் கழியும் ஒரு துண்டும் போதும். கழில துண்ட கட்டி ஒருத்தர தடுப்பு வரப்போற எடத்துல நிக்க சொல்லுங்க, நீங்க எந்த ரூம்ல தூங்குறீங்களோ அந்த ஜன்னல்ல நின்னு ரோட்ட பாருங்க. லாரி டயரு துண்டுக்கு பின்னாடி மறையுற வரைக்கும் கழிய ஏத்த சொல்லுங்க, அந்த உயரத்த அளங்க. அந்த உயரத்துல தடுப்பு இருந்தா சுமாரா அஞ்சு டெசிபெல் கிடைக்கும். அதுக்கு மேல ஏத்துற ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்னரை டெசிபெல்னு வெச்சுக்கலாம். டயர் மட்டும் மறைஞ்சா போதாது, லாரியோட பானெட்டும் மறைஞ்சா நல்லது, ஏன்னா இஞ்சின் சத்தம் மேல இருந்து வருது.

எங்க தெரு மாதிரியே ஒரு கணக்கு போட்டு காட்டுறேன். ரோட்டோட கிட்ட லேன் தடுப்புல இருந்து இருபது மீட்டர், தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆறு மீட்டர்ல வீட்டு ஜன்னல். கீழ் வீட்ல காது உயரம் ஒன்னரை மீட்டர். டயர் சத்தம் கிளம்புறது அரை மீட்டர் உயரத்துலன்னு வெச்சா அந்த நேர்கோடு தடுப்பு இருக்கிற எடத்துல 1.3 மீட்டர்ல கடக்கும், அதாவது பழைய அஞ்சடி காம்பவுண்டே அத லேசா மறைச்சிட்டு தான் இருந்துது. அத மூணு மீட்டர் ஆக்கினா கீழ் வீட்டுக்கு நல்ல பலன். ஆனா மாடியில காது நாலரை மீட்டர்ல இருக்கு, அந்த நேர்கோடு தடுப்ப 3.6 மீட்டர்ல கடக்குது, அப்ப மூணு மீட்டர் தடுப்பு மாடிக்கு ஒண்ணுமே பண்ணாது. அத பன்னெண்டு அடிக்கு மேல ஏத்தினா தான் மாடிக்கு முதல் அஞ்சு டெசிபெல்லே வரும். இத மொதல்லயே எல்லாருக்கும் சொல்லிடுங்க, மாடில இருக்கிறவங்க காசு குடுத்துட்டு பின்னாடி எனக்கு ஒண்ணும் மாறலயேன்னு கேட்டா பதில் இருக்காது. அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடி, நாலாவது மாடிக்கு எல்லாம் தரையில நிக்கிற தடுப்பு சரிப்படாது, அவங்க ஜன்னல்ல தான் காச போடணும், அத கீழ சொல்றேன்.

தடுப்பு எங்க நிக்கணும்னா ஒண்ணு ரோட்ட ஒட்டி நிக்கணும் இல்ல வீட்ட ஒட்டி நிக்கணும், ரெண்டுக்கும் நடுவுல வெச்சா தான் பலன் ரொம்ப கம்மி. ரோடு மேட்டு மேல போற எடத்துல ரோட்டு விளிம்புல வெக்கிறது தான் உத்தமம், ஆனா அந்த எடம் நம்மளோடது இல்ல. நெடுஞ்சாலை நிலத்துல நாம ஒரு கம்பம் கூட நடக்கூடாது, வண்டி மோதினா உயிருக்கே ஆபத்து. நம்ம எல்லைக்குள்ள நம்ம காம்பவுண்ட ஒட்டி போடுறத பத்தி தான் இங்க பேசுறேன். காம்பவுண்ட் உயரத்துக்கும் விதி இருக்கு, மாநகராட்சியோ ஊராட்சியோ உங்க எல்லை யாருதோ அங்க எழுத்துல அனுமதி வாங்கிட்டு ஆரம்பிங்க. தெரு திரும்புற முனைல வர்ற வண்டி தெரியாம மறைக்கக் கூடாது, அங்க தடுப்ப உள்ள தள்ளி வைங்க.

நீளம் தான் பல பேரு கோட்டை விடுற எடம். தடுப்புல இருந்து ஜன்னல் எவ்வளவு தூரமோ அது மாதிரி நாலு மடங்கு ரெண்டு பக்கமும் போகணும். ஆறு மீட்டர்னா பக்கத்துக்கு இருபத்தி நாலு, மொத்தம் நாப்பத்தி எட்டு மீட்டர். முப்பதடி பிளாட்டுக்கு முன்னாடி மட்டும் ஒருத்தர் பதினஞ்சடி சுவர் எழுப்பினா ரெண்டு பக்கமும் சத்தம் சுத்திட்டு வந்துடும், எங்க தெருவுல கடைசி வீட்டுக்காரர் தனியா அத செஞ்சு ஏமாந்தவரு, அதுக்கப்புறம் தான் எல்லாரும் சேரணும்னே எங்களுக்கு உறைச்சுது. இது தனி ஆள் செய்யிற வேலை இல்ல, தெரு செய்யிற வேலை. பதினோரு வீட்டையும் சேக்க எங்களுக்கு நாலு மாசம் ஆச்சு, ரெண்டு பேரு வாடகைக்கு விட்டுட்டு வெளியூர்ல இருக்காங்க, அவங்கள சம்மதிக்க வெக்கிறது தான் பெரிய வேலையா இருந்துது. ஒருத்தர் விட்டாலும் நடுவுல ஓட்டை விழும், அதனால பொறுமையா பேசுங்க, அந்த கழி துண்டு சோதனைய அவங்க வீட்டு ஜன்னல்லயே செஞ்சு காட்டுங்க. வேற வழியே இல்லாம தனியா தான் செய்யணும்னா ரெண்டு முனையையும் வீட்டு பக்கமா மடக்கி ப வடிவத்துல கொண்டு போங்க, நேரா நீட்டுறதுக்கு பதிலா அது கொஞ்சம் கை குடுக்கும். தெரு ஓரத்து வீட்டுக்கும் அதே மடிப்பு தேவை.

இப்ப பொருள். எங்க ஊர் ஹார்டுவேர் கடைல கிடைக்கிறத வெச்சே சொல்றேன். சிமெண்ட் ஃபைபர் போர்டு பன்னெண்டு மில்லிமீட்டர் சதுர மீட்டருக்கு பதினாறு கிலோ கிட்ட வரும், மழைக்கு தாங்கும், கரையான் வராது, எங்க தெருவுல அதத்தான் போட்டோம். சிமெண்ட் கலந்த மரத்துகள் பலகை பதினாறு மில்லிமீட்டர் இருபது கிலோ வரும், அதுவும் நல்லது, ஓரத்துல பெயிண்ட் விடாம அடிக்கணும். இரும்பு ஷீட்டு 1.2 மில்லிமீட்டர் கெட்டி இருந்தா பத்து கிலோ கிட்ட, இருபத்தஞ்சு டெசிபெல் தடுக்கும், ஆனா கூரைக்கு போடுற அரை மில்லிமீட்டர் கலர் ஷீட்ட யாராவது சவுண்டு பேரியர்னு சொல்லி வித்தா வேணாம்னுடுங்க, அது மெலிசு, காத்துல அதுவே சத்தம் போடும். பாலிகார்பனேட்ல ரெண்டு வகை இருக்கு, கெட்டியா ஒரே பாளமா எட்டு மில்லிமீட்டர் இருக்கிறது பத்து கிலோ கிட்ட வரும், வெளிச்சமும் வரும், விலை கூட. உள்ள குழல் குழலா ஓட்டை இருக்கிற வகை எடையே இல்ல, கார் ஷெட்டுக்கு தான் ஆகும். ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஃபோம் வெச்ச பஃப் பேனல் வெயிலுக்கு நல்லது, சத்தத்துக்கு இல்ல, அது மட்டும் இல்லாம ரோட்டோரம் குப்பைய கொளுத்துறாங்க பாருங்க, நெருப்பு புடிக்கிற எதையும் அங்க வெக்காதீங்க. நாலு இன்ச் ஏஏசி பிளாக்கு (உள்ள காத்து குமிழி இருக்கிற லேசான சிமெண்ட் கல்லு) அறுபது கிலோ வரும், அது லேசான தடுப்புன்னு சொல்ல முடியாது, ஆனா செங்கல்ல விட எவ்வளவோ பரவால்ல, அஸ்திவாரம் இருக்கிறவங்க யோசிக்கலாம். கடைல கேக்கும்போது மில்லிமீட்டர மட்டும் கேக்காதீங்க, ஒரு சதுர மீட்டருக்கு எத்தன கிலோன்னு கேளுங்க, தெரியலன்னா ஒரு ஷீட்ட தராசுல வெச்சு அகலம் நீளத்தால வகுத்துக்கோங்க.

எதிர்ப்பக்கமும் வீடு இருந்தா ஒரு விஷயம் யோசிக்கணும். வழவழப்பான தடுப்பு சத்தத்த அந்தப் பக்கம் திருப்பி அடிக்கும், ரெண்டு பக்கமும் தடுப்பு வந்துட்டா சத்தம் நடுவுல பந்து மாதிரி மோதி மோதி மேல வழிஞ்சுடும். அதுக்கு ரோட்ட பாக்குற பக்கத்துல உறிஞ்சுற மாதிரி செய்யணும்: அஞ்சு சென்டிமீட்டர் ராக் வூல் (கல்ல உருக்கி செய்யிற பஞ்சு), அத கண்ணாடி இழை துணில சுத்தி, அதுக்கு முன்னாடி ஓட்டை போட்ட ஜிஐ ஷீட்டு, அதாவது துத்தநாகம் பூசின இரும்புத் தகடு. தண்ணி கீழ வடியறதுக்கு வழி விடணும், இல்லன்னா ஒரு ஐப்பசி மழைலயே ஊறி தொங்கிடும். எங்களுக்கு எதிர்ல காலி நிலம், அதனால இந்த செலவ விட்டுட்டோம். ராக் வூல் மட்டும் தனியா மாட்டினா சத்தம் நிக்காது, அது எதிரொலிய தான் உறிஞ்சும், பின்னாடி கெட்டியான பலகை கண்டிப்பா வேணும்.

இடுக்கு, இடுக்கு, இடுக்கு. இத எத்தன தடவ சொன்னாலும் பத்தாது. தடுப்போட பரப்புல நூத்துல ஒரு பங்கு ஓட்டை இருந்தா எப்பேர்ப்பட்ட பலகை வெச்சாலும் இருபது டெசிபெல்லுக்கு மேல தடுக்காது, நூத்துல அஞ்சு பங்குன்னா பதிமூணு, பத்து பங்குன்னா வெறும் பத்து. மூணு மீட்டர் தடுப்புக்கு அடியில பதினஞ்சு சென்டிமீட்டர் தண்ணி போக விட்டீங்கன்னா அதுவே அஞ்சு பங்கு ஆச்சு. எங்க ஊர்ல மழைத்தண்ணிக்கு வழி விடாம இருக்கவும் முடியாது. நாங்க பண்ணது என்னன்னா கீழ ஒரு அடி உயரத்துக்கு கான்கிரீட் பெல்ட் போட்டு, தண்ணி போறதுக்கு அதுல வளைஞ்சு திரும்புற மாதிரி பைப்பு, பைப்போட முன்னாடி கருங்கல் ஜல்லி நிரப்பின குழி. தண்ணி போகுது, சத்தத்துக்கு நேர் வழி கிடைக்கல. பலகையும் பலகையும் சேர்ற எடத்துல ரப்பர் கேஸ்கெட்டு, கம்பத்துக்கும் பலகைக்கும் நடுவுலயும் அதே. ஒயர் போற ஓட்டை, ஸ்க்ரூ ஓட்டை எல்லாத்தையும் சீலண்ட் வெச்சு அடைச்சிடுங்க. வேலை முடிஞ்சதும் ராத்திரில ஒருத்தர் அந்தப் பக்கம் டார்ச் அடிக்கணும், இந்தப் பக்கம் எங்க வெளிச்சம் தெரியுதோ அங்க அடைக்கணும். நாங்க இப்படி தான் முப்பது எடத்துக்கு மேல கண்டுபுடிச்சோம்.

கேட்டு இன்னொரு பெரிய ஓட்டை. முடிஞ்சா கேட்ட ரோட்டு பக்கம் வெக்காம குறுக்கு சந்து பக்கம் மாத்துங்க. முடியலன்னா கம்பி கேட்டுக்கு பதிலா முழு தகடு கேட்டு, நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூடுற மாதிரி, அடியில ரப்பர் பட்டை. ஆள் நடந்து போற வழி மட்டும் தான்னா ரெண்டு தடுப்பையும் முன்ன பின்ன தள்ளி ஒண்ணு மேல ஒண்ணு நீட்டி வெக்கலாம், வழி ஒரு மீட்டர் அகலம்னா நீட்டுறது நாலு மீட்டர் இருக்கணும்.

காத்து பத்தி இனி சொல்லப்போறத தயவு செஞ்சு ரெண்டு தடவ படிங்க. லேசான தடுப்பு விழுறதுக்கு காரணம் எடை இல்ல, காத்து. செங்கல் சுவருக்கு அதோட சொந்த எடையாவது கொஞ்சம் பிடிச்சு வெக்கும், பதினாறு கிலோ பலகைக்கு எதுவும் இல்ல, மொத்தமும் கம்பமும் அஸ்திவாரமும் தான் தாங்கணும். இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 875 மூணாம் பகுதில சென்னைக்கு அடிப்படை காத்து வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்துல ஒரு சதுர மீட்டர் மேல 150 கிலோ அளவுக்கு தள்ளும். கம்பத்துக்கு கம்பம் ரெண்டரை மீட்டர், உயரம் மூணு மீட்டர்னா ஒவ்வொரு கம்பமும் ஒரு டன்னுக்கு மேல தாங்கணும். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்னைக்கு சென்னைல இருந்தவங்களுக்கு நான் விளக்கவே வேணாம். அதனால ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர் கையெழுத்து இல்லாம ஒரு கம்பமும் நடாதீங்க. பழைய அஞ்சடி காம்பவுண்டு மேல ஆங்கிள் வெல்டு பண்ணி ஷீட்டு ஏத்துறத நிறைய எடத்துல பாக்குறேன், ரொம்ப பயமா இருக்கு. நாலரை இன்ச் சுவர் அந்த காத்துக்கு தாங்காது, சாயும்போது சுவரையும் இழுத்துட்டு விழும், பக்கத்துல புள்ளைங்க விளையாடிட்டு இருக்கும். பழைய சுவர ஒட்டி உள்பக்கமா தனி கம்பம், தனி குழி, தனி அஸ்திவாரம். குழி ஆழம் உங்க மண்ண பாத்து தான் முடிவாகும், எங்க பக்கம் களிமண்ணு, ஏரி இருந்த எடம், நாங்க நினைச்சத விட ஆழமா தான் போட சொன்னாங்க. ஜிஐ பூச்சு போட்ட ஐ செக்‌ஷன் கம்பம் (வெட்டி பாத்தா ஆங்கில I எழுத்து மாதிரி இருக்கும்), அதோட பள்ளத்துல பலகைய மேல இருந்து இறக்கி சொருகுற மாதிரி வெச்சா பின்னாடி ஒண்ணு உடைஞ்சாலும் அத மட்டும் மாத்திக்கலாம்.

கான்ட்ராக்டர் கிட்ட பேசும்போது ஷீட்டு விலைய தனியா கேட்டு ஏமாறாதீங்க, அஸ்திவாரம், கம்பம், கேஸ்கெட்டு, கூலி எல்லாம் சேத்து சதுர அடிக்கு எவ்வளவுன்னு கேளுங்க. எங்களுக்கு முதல்ல வந்த ஒரு கம்பெனி முப்பது டெசிபெல் குறைப்போம்னு எழுதியே குடுத்தாங்க. அது அந்த பலகை லேப்ல தடுக்குற அளவு, உங்க ஜன்னல்ல குறையுற அளவு இல்ல. இந்த ரெண்டையும் குழப்பி விக்கிறது சகஜம், நீங்க ஜன்னல்ல எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க.

எது குறையும் எது குறையாதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. ஆயிரம் ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு ஆயிரம் தடவ அதிர்ற சத்தத்தோட அலை நீளம் 34 சென்டிமீட்டர், அது தடுப்புக்கு மேல அவ்வளவா வளையாது, அதனால டயர் இரைச்சலும் ஹாரனும் நல்லாவே அடங்கும். லாரி இஞ்சினோட அடித்தொண்டை உறுமல் நூறு ஹெர்ட்ஸ் பக்கம், அதோட அலை 3.4 மீட்டர், நம்ம தடுப்பு உயரமே அவ்வளவு தான், அது ஏறி வந்துடும். தடுப்பு போட்டப்புறம் கீழ் வீட்ல அம்மா டிவிய குறைச்சு வெச்சு கேக்குறாங்க, வாசல்ல நின்னு பேசுனா கத்த வேண்டியதில்ல, ராத்திரி தூக்கம் வருதுன்னு சொல்றாங்க, ஆனா டிரெய்லர் ஏத்தத்துல இழுக்கும்போது அந்த உறுமல் இன்னும் கேக்குது. மாடியில எங்க ரூம்ல பெரிய மாத்தம் இல்ல.

மாடிக்கு ஜன்னல் தான். ரோட்ட பாக்குற ஜன்னல்ல ஸ்லைடிங் வேணாம், அதுல எப்பவும் இடுக்கு இருக்கும், திறந்து மூடுற வகைல ரப்பர் கேஸ்கெட்டு வெச்சு லேமினேட்டட் கண்ணாடி (ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் படலம் ஒட்டினது) போடுங்க. அதோட படுக்கைய ரோட்டுக்கு எதிர்ப்பக்க ரூமுக்கு மாத்த முடிஞ்சா காசே இல்லாத பெரிய வைத்தியம் அது தான்.

அரசாங்க வழியையும் விடாதீங்க, ஏன்னா நிஜமா இத செய்ய வேண்டியது ரோடு போட்டவங்க தான். மத்திய பிரதேசம், மகாராஷ்டிரா எல்லைல இருக்கிற பெஞ்ச் புலிகள் காப்பகம் வழியா போற தேசிய நெடுஞ்சாலை 44 ல மிருகங்களுக்காக சத்தமும் வெளிச்சமும் தடுக்குற சுவர் வெச்சிருக்காங்க, அப்ப நம்ம நாட்டுல செய்ய முடியாத விஷயம் இல்ல இது. புலிக்கு வெச்சத நான் மனசார வரவேற்கிறேன், அதே அக்கறை ரோட்டோரத்துல படுத்திருக்கிற கொழந்தைக்கும் வயசானவங்களுக்கும் வேணும்னு தான் கேக்குறேன். கேக்குறதுக்கு சரியான நேரம் ரோட்ட அகலப்படுத்த திட்டம் வரும்போது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு அறிவிக்கைக்குள்ள வர்ற நெடுஞ்சாலை திட்டம்னா மாசு கட்டுப்பாடு வாரியம் பொதுமக்கள் கருத்து கேட்பு கூட்டம் நடத்தும், அறிக்கைய கலெக்டர் ஆபீஸ்ல போய் படிக்கலாம். அதுல சத்தம் பத்தி ஒரு அத்தியாயம் இருக்கும், உங்க தெரு பேரு இருக்கான்னு பாருங்க, எங்க எங்க தடுப்பு போடுறதா எழுதியிருக்காங்கன்னு பாருங்க, இல்லன்னா கூட்டத்துல எந்திரிச்சு சொல்லுங்க, எழுத்துலயும் குடுங்க, உங்க நோட்டுல இருக்கிற அளவோட. ஏற்கனவே போட்ட ரோடுன்னா அனுமதி குடுக்கும்போது என்ன நிபந்தனை போட்டாங்கன்னு 2005 தகவல் அறியும் உரிமை சட்டத்துல கேளுங்க, தடுப்பு போடணும்னு அதுல இருந்து போடாம விட்டிருந்தா உங்க கை ஓங்கும். நாங்க குடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரல, மறுபடியும் குடுத்திருக்கோம்.

போட்டு முடிச்சாச்சுன்னு விட்டுடாதீங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவ, வடகிழக்கு மழைக்கு முன்னாடி ஒண்ணு, தை பொறந்ததும் ஒண்ணு, தெருவுல ரெண்டு பேரு டார்ச்சோட நடந்து வாங்க. வெயில்ல ரப்பர் சுருங்கும், எலி கேஸ்கெட்ட கடிக்கும், பைப்பு முன்னாடி ஜல்லில சேறு அடைச்சுக்கும், போல்ட்டு தளரும். எங்க தெருவுல போன மாசம் பாத்தப்ப ஏழாவது வீட்டுக்கும் எட்டாவது வீட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் அளவுக்கு இடுக்கு விட்டிருந்துது, அந்த ரெண்டு வீட்லயும் கொஞ்ச நாளா சத்தம் கூடிப்போச்சுன்னு சொல்லிட்டு இருந்தாங்க. புது ரப்பர் வெச்சு அடைச்சோம், அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கே ஃபோன்ல அளந்து பாத்தோம், பழைய அளவுக்கு வந்துடுச்சு.